கேப்டனுக்குக் கை தூக்கியவர்கள்

பள்ளிக்கூட வேனில் முன் சீட்டில் நான்.

எனக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் கமிஷன் கடைக்காரர் மகன். அவன் பக்கத்தில் போஸ்ட்மேன் வீட்டு இரட்டையர், இரண்டு பேர். கடைசி சீட்டில் நெசவுக்கார வீட்டு அக்கா. அவளை ஒட்டி அவள் தங்கை. இரண்டு பேரும் தங்களுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். எங்களைத் திட்டும்போது மட்டும் தமிழ். அந்தக் கோடியில் குருக்கள் மகன். தங்கையின் மடியில் எல்.கே.ஜி. பாப்பா.

ஸ்டீயரிங் பிடித்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. உங்களுக்கு அவர் டிரைவர் அண்ணன்.

நீங்கள் ஏழு பேரும் இப்போது எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. பாப்பாவைத் தவிர எல்லாரும் நாற்பதை எட்டியிருப்பீர்கள். எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயசு. எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. தப்பு இருந்தால் தாண்டிப் போங்கள்.

அது நான் ஏழாவது படித்த வருசம். பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வயலுக்குள் புதிதாகக் கட்டியிருந்தது. நாம் எல்லாரும் பரவை, விளாங்குடிப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். கேட் என்று பேர்தான். கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. நில், கவனி, செல் என்று ஒரு தகரப் பலகை. அதிலும் ‘கவனி’யை ஆடு உரசி உரசி அழித்திருந்தது.

காலையில் எல்லாரும் தூங்கிக்கொண்டே வருவீர்கள். சாயங்காலம்தான் கதை. பெட்ரோல் வாசனை, பாப்பாவின் தோசை டப்பா வாசனை, இரட்டையரின் காலுறை. இதற்கு நடுவில் மாமா பேயை விடுவார். பழைய புத்தகக் கடையில் மாத நாவல் வாங்கி மதியம் வேனுக்குள்ளேயே படிப்பார். ஆனால் அதில் இருப்பதைச் சொல்ல மாட்டார். ஆள் அதே ஆள், பேய் அதே பேய், நடப்பதெல்லாம் நம் ஓட்டுப்படி.

“கதவு தானாத் தெறக்குது. உள்ள கும்மிருட்டு. ஒரே ஒரு கை மட்டும் தெரியுது. வா வான்னு கூப்புடுது. இவன் போகணுமா, திரும்பணுமா? போகணும்ங்கிறவங்க கை தூக்குங்க.”

கை தூக்குவோம். மாமா கண்ணாடியில் பார்த்து எண்ணுவார். குருக்கள் மகன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் தூக்குவான்.

“ஏய் சாமி, நீ கண்ண மூடிட்டா பேய் ஒன்னப் பாக்காதாடா?” என்பான் கமிஷன் கடைக்காரர் மகன்.

“நான் அதப் பாக்காம இருந்தாப் போதும்டா.”

பாப்பா இரண்டு கையையும் தூக்குவாள். “ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான் பாப்பா” என்பார் மாமா. அவள் இறக்க மாட்டாள்.

எல்லா ஓட்டும் போகத்தான். ஒரு கதையிலும் ஒருத்தனும் திரும்பியதில்லை. பாழும் கிணற்றில் இறங்கினார்கள். பூட்டிய அறையைத் திறந்தார்கள். பாதிப் பேர் செத்தார்கள். “செத்தாச் செத்தான். நாளைக்கு வேற ஆளு வருவான்” என்று வேனை நிறுத்தி உங்களை இறக்கிவிடுவார். நீங்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவீர்கள்.

தீபாவளிக்குப் பிறகு பேய்க்கதை நின்றது. கேப்டன் வந்தார்.

கேப்டன் ஆகாயக் கப்பல் ஓட்டுகிறவர். அவருக்கு ஒரு சக்தி. இருட்டில் கண் தெரியும். யாரும் போகாத கிரகத்துக்கெல்லாம் விளக்கே இல்லாமல் போய் வருவார். ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் சக்தி கொஞ்சம் கரையும். சோப்புக் கட்டி மாதிரி என்றார் மாமா. அவர் பின்னாலேயே ஒரு பிராணி வருகிறது. வெளிச்சத்தைத் தின்கிற பிராணி.

“அது எப்படித் திங்கும்ணே?” தங்கை கேட்டாள்.

“நம்ம பாப்பா பிஸ்கட் திங்கிற மாதிரி. மொதல்ல ஓரத்த மட்டும் சுத்திச் சுத்திக் கடிக்கும். நடுவுல கொஞ்சூண்டு விட்டு வைக்கும்.”

“நடுவ எப்பத் திங்கும்?”

“அது அதோட இஷ்டம்.”

கேப்டனுக்கு உதவிக்கு ஆள் வேண்டும். மாமா ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார். கமிஷன் கடைக்காரர் மகன் இடது பக்கம். அக்கா வலது பக்கம். நான் ராடார். செத்துப்போன டிரான்சிஸ்டர் ஒன்றின் முகப்பை எனக்கு முன்னால் பிசின் போட்டு ஒட்டினார். முள் இருக்கும், நகராது. திருகு மட்டும் சுற்றும். அதைத் திருகிக்கொண்டே ரோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மாடு என்றால் எரிகல். சைக்கிள் என்றால் சின்னக் கப்பல். மார்க்கெட் லாரி பெரிய கப்பல்.

“எடப்பக்கம் எரிகல் ரெண்டு, அண்ணே. ஒண்ணு சாணி போடுது.”

“வலப்பக்கம் சின்னக் கப்பல். கெழவரு. தள்ளாடுறாரு.”

“நேரா பெரிய கப்பல் மாமா. லைட்டுப் போட்டு வருது.”

நன்றாக இருந்தது. உங்கள் அம்மாக்கள் என் அம்மாவிடம் வந்து சொன்னார்கள், பிள்ளைகள் அடம் பிடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறது என்று.

அந்தச் சமயம்தான் மாமா கண்ணாடியில் பார்த்து எண்ணுவதை விட்டார். “ராடார், நீ எண்ணிச் சொல்லு” என்றார். நான் திரும்பிப் பார்த்துச் சொல்வேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது. பொழுது இறங்கினால் மாமா தடுமாறினார். வாசலில் கிடந்த வாளியை உதைத்தார். செருப்பைக் காலால் தடவித் தடவித் தேடினார். சுவரில் தோள் இடித்துக்கொண்டு போனார். ஒரு நாள் அம்மா அவரை வழியில் நிறுத்தினாள்.

“ஊதுடா.”

“என்னக்கா?”

“வாய ஊதுடா.”

ஊதினார். அம்மா மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் நம்பவில்லை. “வாசம் வராத சரக்கு எதுவோ புதுசா வந்திருக்கு போல” என்றாள். “புள்ளைகள ஏத்திட்டுப் போற வண்டிடா. ஒன் வண்டிய நம்பித்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது. வண்டி ஓடுற வரைக்கும்தான் இவ படிப்பா.”

எனக்கு அப்பா இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா மாமாவை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். குடிக்கிற ஆம்பிளைகளை அங்கே கூட்டிவந்து சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டுவார்கள். கயிறு இருக்கிற வரை தொடக்கூடாது. தொட்டால் முனி அடிக்கும். அன்றைக்கு வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களிடமிருந்து வாசம் வந்தது. மாமா சட்டை கசங்காமல் அவர்களுக்குப் பின்னால் நின்றார். பூசாரி கேட்டார்.

“எம்புட்டு நாளாக் குடிக்கிற?”

மாமா அம்மாவைப் பார்த்தார். “கொஞ்ச நாளாத்தான் சாமி.”

கட்டிவிட்டார்கள். சிவப்புக் கயிறு. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காத ஆள்.

விசயம் ஊரில் பரவியது. நல்லவிதமாகத்தான். கயிறு கட்டிவிட்டான், இனிப் பயமில்லை என்றார்கள். குருக்கள் கூட வேன் பக்கம் வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு “நல்ல காரியம் பண்ணினேப்பா” என்று சொல்லிப் போனார். பெரியவர்கள் எல்லாரும் ஒரு குடிகாரனைத் திருத்திவிட்ட சந்தோசத்தில் இருந்தார்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, விளக்கு வைக்கிற நேரம், நான் வாசல்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்குக் கோலப் புள்ளி தெரிந்தது. மாமா வெளியிலிருந்து வந்தார். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன். விளையாட்டுக்குத்தான். அவர் அடிக்க வருவது மாதிரி வருவார், நான் ஓடுவேன். அது வழக்கம்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். அவர் வேட்டி என் முகத்தில் பட்டது. நின்றார்.

“யாரு?”

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் குனிந்து கையை நீட்டினார். கை என் தலையைத் தேடிக் கொஞ்சம் தள்ளிப் போய், பிறகு வந்தது. சடையைத் தொட்டதும் தெரிந்துகொண்டார்.

“மருமகளா. ஏன் இருட்டுல உக்காந்துருக்க?”

“இருட்டலையே மாமா.”

கையை எடுக்காமல் நின்றார்.

“நீ குடிக்கலதான மாமா?”

“சும்மா இரு.”

“அப்ப ஏன் கயிறு கட்டுன?”

“கயிறு கட்டுனவன் வண்டி ஓட்டலாம் பிள்ள” என்றார். “மத்தது தெரிஞ்சா யாரும் ஓட்ட விட மாட்டாங்க.”

மறுநாளிலிருந்து திருகை விட்டுவிட்டு ரோட்டை மட்டும் பார்த்தேன். அவர் கேட்பதற்கு முன்னால் சொன்னேன். பள்ளம் சொன்னேன், நாய் சொன்னேன், திருப்பம் சொன்னேன். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. அம்மா பூச்சி மருந்து கொடுத்தாள்.

கதையில் கேப்டனுக்கு ஓரமெல்லாம் போய்விட்டது. வளையல் அளவுதான் தெரிகிறது என்றார் மாமா. வளையலைத் திருப்பித் திருப்பித்தான் ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கேட்டார், கேப்டன் போகணுமா, திரும்பணுமா என்று. ஒவ்வொரு நாளும் நீங்கள் தூக்கினீர்கள். நானும் தூக்கினேன். எண்ணிக்கையை நான்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கியரைப் போடுவார்.

ரயில்வே கேட்டில் அவர் வழக்கம் ஒன்று உண்டு. ஆனி ஆடியில் இன்ஜினை நிறுத்திவிட்டு அவரே இறங்குவார். இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தில் ஒரு காலை வைத்து நின்று கேட்டு, பிறகு வருவார். கார்த்திகையிலிருந்து என்னை இறக்கினார். “ராடார், போய்ப் பாத்துட்டு வா.” நான் பார்த்துவிட்டுக் கையைக் காட்டமாட்டேன். பக்கத்தில் வந்து வாயால் சொல்வேன்.

மார்கழியில் ஆண்டு விழா ஒத்திகை வந்தது. நாலரைக்கு விட வேண்டிய பள்ளிக்கூடம் ஆறு மணிக்கு விட்டது. ஒத்திகையின் முதல் நாள் மாமா பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டார், என் வேன் பிள்ளைகளை மட்டும் வெளிச்சத்தோடு அனுப்புங்கள் என்று. டீச்சர் அவர் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

“சாயங்காலம் அப்படி என்ன அவசரம் உனக்கு?”

மாமா திரும்பி வந்துவிட்டார்.

அன்றைக்குத் தூறல். வானம் முன்னாலேயே மூடிக்கொண்டது. அக்கா ஆட்ட உடையோடு ஏறினாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். இரட்டையர் முகத்தில் மீசை வரைந்திருந்தது. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தீர்கள். மாமா மண்ரோட்டில் மெதுவாக வந்தார். முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வலது கொஞ்சம். நேரா. நேரா. பள்ளம்.

கேட் மேட்டுக்குக் கீழே வந்ததும் கதவைத் திறக்கப் போனேன்.

“எறங்க வேணாம். நனைஞ்சிருவ” என்றார். “எனக்குக் காது இருக்கு.”

ஜன்னலை இறக்கினார். கேட்டார். தகரக் கூரையில் தூறல். பின்னால் நீங்கள். வைப்பர். அதற்குள் அவருக்கு என்ன கேட்டிருக்கும். முதல் கியர் போட்டு மேட்டில் ஏற்றினார்.

இடது பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதற்கு மேலே இலை மட்டும் வெள்ளையானது. முதலில் நான் மின்னல் என்று நினைத்தேன். மின்னல் நகராது. இது நகர்ந்தது.

“நில்லு மாமா.”

நான் கத்தவில்லை. ஆனால் அவர் நின்றார். எப்படி நின்றாரோ, அப்படி ஒரு பிரேக். வேன் முன்னால் குத்தி, பின்னால் ஒரு முழம் சரிந்து அணைந்தது. அப்போதுதான் ஹார்ன் கேட்டது. சரக்கு வண்டி. முகத்துக்கு நேராகப் போனது. கருப்பு, கருப்பு, கருப்பு. முடியவே இல்லை. டிரான்சிஸ்டர் முகப்பு பிசின் விட்டு என் மடியில் விழுந்தது.

வண்டி போய் முடிந்தது. பிறகு நீங்கள் கை தட்டினீர்கள். இரட்டையரில் ஒருவன் சொன்னான்.

“அண்ணே, இன்னொரு தடவ.”

மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். பிறகு கயிறு கட்டிய கையை இன்னொரு கையால் பிடித்தார். கதை சொல்லும் குரலிலேயே பேசினார்.

“கேப்டனுக்கு இருந்த வளையலும் போச்சு. நடுவையும் தின்னுருச்சு. கப்பல் முழுக்கச் சின்னப் புள்ளைக. எதுக்க என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியல. இன்னமும் கப்பல எடுக்கலாமா? இல்ல, சாவிய எடுத்துட்டு எறங்கிரலாமா?”

நீங்கள் சீட்டு நுனிக்கு வந்தீர்கள்.

“எடுக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க.”

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாமா சாவியை உருவினார். “ஓட்டு எறங்கிரலாம்னு வந்துருச்சு. எல்லாரும் எறங்குங்க” என்றார். கமிஷன் கடைக்காரர் மகனே, நீ சண்டைக்குப் போனாய். “என்னண்ணே இது, எல்லாரும் தூக்குனோமே. கள்ள ஓட்டு” என்றாய். “ராடார் சொன்னாச் சொன்னதுதான்” என்றார்.

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினோம். முன்னால் நான். என் பையைப் பிடித்துக்கொண்டு மாமா. அவர் தோளில் பாப்பா. கேப்டன் நம்மைக் கூட்டிப்போகிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். மெயின்ரோட்டு டீக்கடையில் உட்காரவைத்து எல்லார் வீட்டுக்கும் போன் போடச் சொன்னார். உங்கள் அப்பாக்கள் வந்தார்கள். குருக்கள் முதலில் மாமாவின் வாயைத்தான் மோந்தார். “கயிறு கட்டியும் புத்தி வரலியே” என்றார். அப்போதுதான் மாமா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எனக்கு மாலைக்கண்ணு சாமி. இப்பப் பகல்லயும் ஓரம் தெரியறதில்ல.”

கண் ஆஸ்பத்திரியில் அதற்கு முந்தின வருசமே சொல்லியிருக்கிறார்கள், இது மருந்துக்கு நிற்காது, வண்டி ஓட்டாதே என்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அம்மா பிளேடு எடுத்து அவர் கையில் இருந்த கயிற்றை அறுத்தாள். அறுத்த கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேன் விலைக்குப் போனது. டிரான்சிஸ்டர் முகப்பும் அதிலேயே போனது. நான் ஏழாவதோடு நின்றேன். மார்க்கெட்டில் வெங்காயம் பிரிக்கப் போனேன். இப்போதும் அங்கேதான். மாமா கப்பலூரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கப் போனார். அதற்குக் கண் வேண்டாம். இப்போது என் வீட்டில் இருக்கிறார். முழுக்கத் தெரியாது. யார் வந்தாலும் குரலை வைத்துச் சொல்லிவிடுவார். நீங்கள் வந்தாலும் சொல்வார். குரல்தான் உடைந்திருக்கும்.

இத்தனை வருசமாக நீங்கள் மாமா ஏமாற்றிவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் ஏமாற்றவில்லை.

கை தூக்கச் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். கமிஷன் கடைக்காரர் மகன் சீட்டில் ஏறி நின்று தூக்கியிருந்தான். இரட்டையர் இரண்டு பேரும். தங்கை. கண்ணை மூடிக்கொண்டு குருக்கள் மகன். பாப்பா வழக்கம்போல இரண்டு கை. கடைசியாக அக்கா தூக்கினாள். வளையல் அத்தனையும் முழங்கைக்குச் சரிந்து கலகலவென்று சத்தம் போட்டது.

மாமாவுக்குக் கண்தான் போயிருந்தது. காது நன்றாக இருந்தது.

அவர் திரும்பவில்லை. மழையைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது, வண்டி ஓடுற வரைக்கும்தான் இவ படிப்பா என்று.

“எத்தன மருமகளே?” என்றார்.

அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

“சைபர்.”